குறுக்குக் காற்று

நாடா அசையவில்லை.

கேக் பெட்டியின் மேல் கட்டுகிற மெல்லிய வெள்ளை நாடா அது. யாகோடா ஒரு முழம் வெட்டி, சுவரில் கூரையை ஒட்டி, ஏசிக் காற்று வருகிற தட்டியின் கம்பியில் முடிந்திருந்தாள். அதே நாடாவில் மற்ற அறைகளிலும் ஒவ்வொரு துண்டு கட்டியிருந்தாள். வரவேற்பறையில் அது கோழி இறக்கை மாதிரி அடித்துக்கொண்டது. மாமனார் மாமியார் அறையில் தட்டியை விட்டு எழும்பி நின்றது. மாடியில் அவளும் கணவன் நெபோய்ஷாவும் படுக்கிற அறையில் விடாமல் ஆடியது. அவள் கல்யாணக் கேக் செய்கிற அறையில் மட்டும் செத்த பாம்பு மாதிரி தொங்கியது.

வெளியே மக்காச்சோளத் தாள்கள் சுருண்டு நிற்கும் ஆகஸ்ட் மாதம். மொராவா ஆற்றில் கல் தெரிந்தது. நாய் ஷாரோவ் காலையிலேயே கிணற்றுக் காரையின் நிழலில் போய்ப் படுத்துவிட்டால் சாயங்காலம்தான் எழும்பும். வரவேற்பறையில் மாமியார் மிலுன்கா கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தாள். கேக் அறையில் வெண்ணெய் தானாக உருகிக் காகிதத்தை நனைத்தது.

நான் வேலிக்கு இந்தப் பக்கத்து வீடு. எனக்குப் பேச வராது, அக்ரூட் உடைக்க வரும். கல்யாணக் காலத்தில் யாகோடாவுக்கு அக்ரூட் பருப்பு சாக்குக் கணக்கில் வேண்டும். அதனால் அந்தக் கோடை முழுவதும் அவள் மேஜையின் ஒரு முனையில் நான் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வீட்டை மாமனார் வெலிமிர் ஆஸ்திரியாவில் கட்டட வேலை செய்து கட்டினார். வாசலில் இரண்டு சிமெண்டுச் சிங்கங்கள். ஒன்றுக்கு ஆலங்கட்டி மழையில் காது போயிருந்தது. இந்தத் தெருவில் எல்லோரும் சுவருக்கு ஒரு ஏசிப் பெட்டி மாட்டிக்கொண்டபோது வெலிமிர் சிரித்தார். கூரைக்கடியில் ஒரே பெரிய இயந்திரம் வைத்து, அதிலிருந்து அறைக்கு ஒன்றாகத் தகரக் குழாய்களைத் தன் கையாலேயே இழுத்தார். வந்தவர்களையெல்லாம் தட்டிக்குக் கீழே நிறுத்தி, “எப்படி?” என்று கேட்பார். நன்றாக இருக்கிறது என்று சொல்லும்வரை நகர விடமாட்டார். போன கோடையில் அது நன்றாகவும் இருந்தது. கேக் அறையிலும்தான். எனக்கே முழங்கை சில்லிட்டது.

இந்தக் கோடையில் அந்த ஒரு அறைக்குக் காற்று வரவில்லை.

முதலில் யாகோடா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூனில் க்ரோஸ்டா வீட்டுக் கல்யாணத்துக்கு நான்கு அடுக்குக் கேக் செய்தாள். கிரீம் இறுகவே இல்லை. காரில் ஏற்றும்போதே மேலடுக்கு ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மண்டபத்தில் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி விரலால் அதைத் தள்ளி நிமிர்த்தப் பார்த்தாள். அது அப்படியே வழுக்கிக்கொண்டு போய் அவள் மடியில் விழுந்தது. வாத்தியக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். யாரோ படம் பிடித்து அனுப்ப, ஊர் முழுவதும் கைபேசியில் அந்தக் கேக் விழுந்துகொண்டே இருந்தது. அடுத்த வாரம் இரண்டு வீட்டுக்காரர்கள் கேக் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு பெட்ரோல் பங்க் ஸோரா வந்தாள். அவள் மகள் கல்யாணம் ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை. ஐந்தடுக்கு வேண்டும் என்றாள். நகரத்துக் கடைக்குப் போகலாம்தான், ஆனால் யாகோடா கை அக்ரூட் கேக்கைத் தின்ற வாய்க்கு அது பிடிக்காது என்றாள். கிளம்பும்போது வாசலில் நின்று, “இது நின்னுதுன்னா இலையுதிர் காலத்துக் கல்யாணமெல்லாம் உன்கிட்டதான் வரும், நானே சொல்வேன். சாஞ்சுதுன்னாலும் நானேதான் சொல்வேன். மறைக்க மாட்டேன், பாத்துக்க” என்றாள்.

யாகோடாவுக்கு அந்த வீட்டில் தனக்கென்று இருந்தது அந்த மேஜையும் இரண்டு குளிர்பெட்டிகளும்தான். கல்யாணமாகி ஏழெட்டு வருடம், குழந்தை இல்லை. ஊரில் அவளை நெபோய்ஷா பெண்டாட்டி என்று சொல்பவர்கள் அடுத்த வாக்கியத்தில் குரலைத் தாழ்த்துவார்கள். கேக் யாகோடா என்று சொல்பவர்கள் தாழ்த்தமாட்டார்கள்.

குழந்தை இல்லாததற்குக் காரணம் மிலுன்காவுக்குத் தெரியும். குறுக்குக் காற்று. எதிரெதிர் ஜன்னலோ கதவோ திறந்தால் நடுவில் ஓடுகிற காற்று அது. எங்கள் பக்கத்தில் பேருந்தில் எவ்வளவு வெந்தாலும் இரண்டாவது ஜன்னலை ஒருவரும் திறக்கமாட்டார்கள். கழுத்துப் பிடிப்பா, பல்வலியா, வாய் கோணிக்கொண்டதா, எல்லாம் குறுக்குக் காற்று. பெண் பிள்ளை சிமெண்டில் உட்கார்ந்தால் கருப்பை குளிர்ந்துபோகும். ஈரத் தலையோடு வாசலுக்கு வந்தால் போகும். இடுப்பில் காற்றுப் பட்டால் கேட்கவே வேண்டாம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், இன்னும் சிமெண்டில் உட்காருவதில்லை. மிலுன்கா ஆட்டுக் கம்பளி நூற்று இடுப்புப் பட்டை பின்னுவாள். வருடத்துக்கு இரண்டு பட்டையாவது யாகோடாவுக்குக் கொடுப்பாள். ஆகஸ்டிலும் கட்ட வேண்டும். யாகோடா மாமியார் முன்னால் கட்டிக்கொள்வாள், கேக் அறைக்குள் வந்ததும் அவிழ்த்துக் குளிர்பெட்டிக் கைப்பிடியில் மாட்டிவிடுவாள். இதில் ஒளிவு மறைவு கிடையாது. மாட்டியிருப்பதை மிலுன்கா பார்ப்பாள், முணுமுணுத்துக்கொண்டே போவாள், மாலையில் மறுபடி கொண்டுவந்து கொடுப்பாள்.

குளிர்காலத்தில் யாகோடா யாரிடமும் சொல்லாமல் பேருந்தேறி நகரத்து மருத்துவமனைக்குப் போய்ச் சோதித்துக்கொண்டாள். உங்களிடம் ஒரு குறையும் இல்லை, கணவரை அழைத்து வாருங்கள் என்றார்கள். நெபோய்ஷாவிடம் சொன்னாள். பார்க்கலாம் என்றான். லாரிக்கு டயர் மாற்ற வேண்டும், பார்க்கலாம். மக்காச்சோளம் விதைத்துவிட்டுப் பார்க்கலாம். அந்த வசந்தத்தில் ஒருநாள், மிலுன்கா இல்லாத நேரம், சாப்பாட்டு மேஜையில், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தால் உடம்பு எப்படிப் பிடிக்கும், கேக்கை விட்டுவிடேன் என்றான். வெலிமிரும் தலையை ஆட்டினார். யாகோடா சிரித்துவிட்டு, முதல்ல நீ டாக்டர்கிட்ட வா என்றாள். பேச்சு அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

ஏசி மேஸ்திரி போஷ்கோ ஜூன் கடைசியில் முதல்தடவை வந்தான். நெபோய்ஷாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பெரிய தொந்தி, சின்ன ஏணி. மச்சில் ஏறிக் கொஞ்ச நேரம் தட்டினான். நெபோய்ஷாவும் கூட ஏறினான். இறங்கி வந்து, “வாயு கொறைஞ்சிருக்கு” என்றான். வாயு ஏற்றினான். மற்ற அறைகள் இன்னும் குளிர்ந்தன. யாகோடா அவனுக்கு அவரைக்காய் சூப்பும், விலா எலும்பும், வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வைத்தாள். இரண்டாம் தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஜூலையில் மறுபடி வந்தான். இந்தத் தடவை, அறை மேற்குப் பார்த்தது, குழாய் நீளம் என்றான். “காத்து அம்மாந்தூரம் போறதுக்குள்ள களைச்சிப்போகுது, தங்கச்சி” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். யாகோடாவும் சிரித்தாள். அன்றைக்கு மிளகாய்க்குள் கறியும் அரிசியும் அடைத்து வேகவைத்திருந்தாள். ப்ளம் சாராயம் ஊற்றியது வெலிமிர்.

அவன் போனபிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் என்னிடம் கேட்டாள், போன வருஷம் குழாய் குட்டையாகவா இருந்தது என்று. இதையே மாமனாரிடமும் கேட்டாள். வெலிமிருக்குக் கழுத்து சிவந்துவிட்டது. தன் குழாயில் குற்றம் சொல்கிறாளா, இயந்திரத்துக்கு வயசாகாதா, மனிதனுக்கு ஆவதில்லையா என்று சத்தம் போட்டார். வரவேற்பறையில் ஒரு மேஜை போட்டுக் கிரீம் வேலையை மட்டும் அங்கே செய்துகொள்ளவா என்று கேட்டாள். வரவேற்பறை மனிதர்கள் உட்காருவதற்கு, முட்டை நாற்றம் அடிப்பதற்கு இல்லை என்றார். மாடிப்படி குறுகல், ஐந்தடுக்குத் தட்டு அதில் ஏறாது. ஆக அந்த அறைதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. போஷ்கோ மூன்றாம் தடவையாக வந்திருந்தான். குழாய் நடுவில் ஒரு விசிறி வைக்க வேண்டும், அது இப்போது கடையில் இல்லை, அடுத்த மாதம் வரும் என்று சொல்லிவிட்டு, முற்றத்து மரத்தடி மேஜையில் ஆண்களோடு உட்கார்ந்தான்.

உள்ளே யாகோடா மஞ்சள் கருவும் சர்க்கரையும் ஆவியில் கிண்டி, ஆற வைத்து, வெண்ணெயைச் சேர்த்தாள். சேர்த்த மாத்திரத்தில் கிரீம் திரிந்தது. ரவை மாதிரி குருணையாகி, ஓரத்தில் எண்ணெய் விட்டது. குளிர்பெட்டியில் வைத்தாள். செங்கல்லாக இறுகியது. வெளியே எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்தது. இரண்டாவது தடவை முட்டை உடைத்தாள். அதுவும் அப்படியே ஆயிற்று. கேக் அடுக்குகள் ஈரத்துணி போர்த்திக்கொண்டு வரிசையாகக் காத்திருந்தன. அவள் நெற்றி வியர்வை சட்டியில் விழாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். துண்டு பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

அவள் கரண்டியை வைத்துவிட்டு நாடாவைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஒவ்வோர் அறையாகப் போய்த் தட்டியின் பக்கத்தில் இருந்த கைப்பிடியைத் திருப்பி மூடினாள். மாமனார் மாமியார் அறை, மாடி அறை, கூடம், எல்லாம். வரவேற்பறையில் மிலுன்கா என்ன செய்கிறாய் என்று கேட்டாள். “அஞ்சு நிமிஷம், அத்தை” என்று சொல்லி நாற்காலி மேல் ஏறி அதையும் மூடினாள். தலைக்கு மேலே மச்சில் இயந்திரம் திணற ஆரம்பித்தது. தகரம் முனகியது. மற்ற மடையெல்லாம் மூடினால் தண்ணீர் திறந்திருக்கிற ஒரு வயலுக்குத்தான் பாயும். திரும்பி வந்து பார்த்தோம். நாடா தொங்கியது தொங்கினபடியே இருந்தது.

“இது நீளமும் இல்ல, களைப்பும் இல்ல. அடைச்சிருக்கு” என்றாள்.

போஷ்கோவின் ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். அவள் கேக் வெட்டுகிற நீளக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மச்சில் ஏறினாள். கொஞ்சம் கழித்து நானும் ஏறித் தலையை மட்டும் உள்ளே நீட்டினேன். மூச்சு முட்டுகிற வெக்கை. ஓட்டுச் சந்தில் குளவிக்கூடு. வெங்காயச் சரங்கள். மூலையில் நெபோய்ஷா சின்னதில் படுத்த மரத் தொட்டில். பேரன் வருவான் என்று வெலிமிர் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. அதற்குள் மெத்தை இல்லை, வெறும் சட்டங்கள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன.

குழாய்கள் எல்லாம் தூசி படிந்து கறுத்திருந்தன. கேக் அறைக்குப் போகிற குழாயில் மட்டும் ஓர் இடத்தில் புது வெள்ளி ஒட்டுநாடா பளபளத்தது. யாகோடா அதைக் கத்தியால் கீறினாள். தகரத்தை விலக்கிக் கையை விட்டு இழுத்தாள். நீலக் கோடு போட்ட துணி வந்தது. பிறகு கம்பளி அடைத்த சின்ன மெத்தை முழுதாக வந்தது. மெத்தை போன இடத்திலிருந்து குளிர்காற்று பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது. தலைத்துண்டு பறந்து போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காற்றிலேயே கொஞ்ச நேரம் மண்டியிட்டிருந்தாள். பிறகு தகரத்தைப் பழையபடி அழுத்தி மூடினாள்.

அழுகிறாள் என்று நினைத்தேன். கீழே இறங்கியபோது பார்த்தால், முகத்தில் கறுத்த தூசிதான் இருந்தது.

மரத்தடியில் மிலுன்கா தட்டு வைத்து, யாகோடா காலையிலேயே சமைத்திருந்ததை எடுத்துப் பரிமாறிக்கொண்டிருந்தாள். தக்காளி, பாலாடைக்கட்டி, சோள ரொட்டி, வறுத்த ஆட்டுக்கறி. கிணற்றில் இறக்கிக் குளிரவைத்த தர்ப்பூசணி வெட்டாமல் இருந்தது. யாகோடா நேராக வந்து மெத்தையை மேஜை நடுவில் போட்டாள். சாராயக் குப்பி சாய்ந்தது. நெபோய்ஷா அதை நிமிர்த்தினான். முதலில் அதைத்தான் செய்தான்.

“யாரு வெச்சது?” என்றாள்.

போஷ்கோ வாயில் இருந்ததை மெல்லாமல் நிறுத்தினான்.

மிலுன்காதான் முதலில் கையை நீட்டினாள். மெத்தையைத் திருப்பி, ஓரத் தையலைத் தடவினாள். “இது உன் தொட்டில் மெத்தைடா” என்றாள் மகனிடம். “வருஷா வருஷம் வெயில்ல போட்டு எடுத்து வெக்கறேன். இதையா கொண்டுபோய்த் தகரத்துல திணிச்சே?” அவளுக்கு விஷயம் தெரியாது என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நெபோய்ஷா மேஜையைப் பார்த்தபடி சொன்னான். “உன் நல்லதுக்குத்தான். ஈஸ்டருக்கு அப்புறம் அடைச்சேன். நாள் பூரா அந்தக் காத்துக்குக் கீழயே நிக்கறே. நேரா இடுப்புல அடிக்குது. அம்மா சொல்லி நீ கேக்கல, பட்டையக் கழட்டி மாட்டறே. வேற என்ன பண்றது?”

“நான்தான் சொன்னேன்” என்றார் வெலிமிர். “வீட்டுக்குப் பெரியவன் நான். குடும்பம் தழைக்கணும்னா சிலதெல்லாம் சொல்லாமதான் செய்யணும்.”

“க்ரோஸ்டா வீட்டுக் கேக்கு விழுந்தப்போ தெரியுமா?”

வெலிமிர் சோள ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தார்.

யாகோடா போஷ்கோ பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “மேஸ்திரி, நீங்க மூணு வாட்டி மேல ஏறினீங்க. புது ஒட்டுநாடா கண்ணுல படலையா?”

போஷ்கோ வாயில் இருந்ததை விழுங்கினான். “வீட்டுக்காரன் சொன்னா நான் என்ன பண்ண, தங்கச்சி? இது உங்க வீட்டு விஷயம். முதல் நாளே சொன்னான், தொடாதே, அவகிட்ட ஏதாவது சொல்லி வெய்னு. நான் வெறும் மேஸ்திரி.”

“வாயு கொறைஞ்சிருக்குன்னு சொன்னீங்க. காத்து களைச்சிப்போகுதுன்னு சொன்னீங்க. நான் சிரிச்சேன்.”

“சும்மா தமாஷுக்கு…”

அவள் அவன் முன்னால் இருந்த தட்டை எடுத்தாள். அவன் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது. கிணற்றடிக்குப் போய் ஷாரோவின் சட்டியில் அதைக் கவிழ்த்தாள். நாய் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு தின்ன ஆரம்பித்தது. எங்கள் ஊரில் சண்டைக்கு வந்தவன் முன்னாலிருந்துகூடத் தட்டை எடுக்கமாட்டார்கள். வெலிமிர் எழுந்துவிட்டார். இந்த வீட்டில் விருந்தாளிக்கு இப்படி நடந்ததில்லை, மன்னிப்புக் கேள் என்றார்.

யாகோடா காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

“மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குளிர்காத்து பட்டா எனக்குப் பிள்ளை தங்காது. சரி, அப்படியே இருக்கட்டும். ராத்திரி நான் எங்க படுக்கறேன்? உங்க மகன் பக்கத்துலதானே? அந்த அறையில விடிய விடிய இதே காத்து அடிக்குதே. கட்டிலுக்கு நேர் மேல. அங்க ஏன் ஒருத்தரும் மெத்தைய வெச்சு அடைக்கல?”

போஷ்கோ கையிலிருந்த முள்கரண்டியை மேஜையில் வைத்தான்.

“அங்க அடைச்சா அவருக்கு வேர்க்கும்” என்றாள். “அதான். இடுப்புக்கும் காத்துக்கும் ஒண்ணும் இல்ல. நான் கேக்கு பண்றதையே விட்டுடணும், அதுதான் உங்களுக்கு. நேரா சொன்னா நான் கேக்க மாட்டேன்னு தெரியும். அதனால ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்னு விட்டீங்க.”

நெபோய்ஷா, எல்லார் முன்னாலயும் என்ன பேச்சு இது, உள்ளே போய்ப் பேசலாம் என்றான்.

“உள்ள வெச்சுதான் குளிர்காலத்துலேர்ந்து பேசிக்கிட்டிருக்கேன். என்கிட்ட ஒரு குறையும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உன்னைத்தான் கூட்டிட்டு வரச்சொன்னாரு. நீ பாக்கலாம், பாக்கலாம்னு சொல்லிட்டு, மச்சுல ஏறித் தகரத்த வெட்டிக்கிட்டிருந்தே. ஆஸ்பத்திரி ஏணிய விட உயரமா இருக்கா?”

மிலுன்கா மெத்தையை மார்போடு பிடித்துக்கொண்டு மகனைப் பார்த்தாள். டாக்டர் விஷயம் அவளுக்கு அப்போதுதான் தெரியும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போஷ்கோ தன் பையை எடுத்துக்கொண்டு, விடைபெறாமல், காதில்லாத சிங்கத்தைத் தாண்டிப் போனான். ஏணியை மறந்துவிட்டான். அது இன்னும் அங்கேதான் சாய்ந்திருக்கிறது, வந்து கேட்கவில்லை.

யாகோடா உள்ளே வந்து, மற்ற அறைகளில் மூடிய தட்டிகளைத் திறந்துவிட்டு, கேக் அறைக் கதவைச் சாத்தினாள். நாடா எழும்பி நின்றது. அவள் மூன்றாம் தடவை முட்டை உடைத்தாள். ஒவ்வொன்றையும் சட்டி விளிம்பில் அடித்த அடியில் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். நான் அக்ரூட் உடைத்துக்கொண்டே இருந்தேன், தேவைக்கு மேல் உடைத்தேன், நிறுத்த பயமாக இருந்தது. மாலைக்குள் அறை குளிர்ந்தது. கிரீம் கத்தி முனையில் நின்றது. அவள் மூலையில் மடக்குக் கட்டிலை விரித்துப் போட்டாள். அன்று ராத்திரி அதில்தான் படுத்தாள்.

சனிக்கிழமை கேக் நின்றது. ஐந்து அடுக்கும் நேராக, ஒரு ரோஜாகூட இதழ் சரியாமல், மண்டபத்து வெக்கையில் வெட்டும்வரை நின்றது. வெட்டுவதற்கு முன் ஸோரா அதைச் சுற்றி ஒரு சுற்று நடந்து பார்த்தாள். பிறகு க்ரோஸ்டா உட்கார்ந்திருந்த மேஜைக்குக் கேட்கிற மாதிரி, இந்தக் கை எங்கிருந்தது இவ்வளவு நாள் என்றாள். யாகோடா சிரிக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கேக்கைப் பார்க்கவே இல்லை, மேஜைக்கு மேஜை தட்டோடு போய்க்கொண்டிருந்த தன் மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லோரிடமும், “எங்க வீட்டுக் கேக்கு, எப்படி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை வெலிமிர் தேவாலயத்துக்குப் போனார். நெபோய்ஷா மொராவாவுக்கு மீன்பிடிக்கப் போயிருந்தான். யாகோடா வேலிக்கு மேல் என்னைக் கூப்பிட்டாள். போனபோது, தன் அலமாரியிலிருந்த கம்பளி இடுப்புப் பட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக் கை நிறைய அள்ளி வைத்திருந்தாள். வெள்ளை, சாம்பல், ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டவை. எத்தனை வருடத்துக் கம்பளி. ஆட்டு வாடை அடித்தது.

முற்றத்தில் மிலுன்கா தொட்டில் மெத்தையை வெயிலில் போட்டுக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தாள். தூசி பறந்தது. எங்களைப் பார்த்தாள், பட்டைகளைப் பார்த்தாள், சுவரில் சாய்ந்திருந்த போஷ்கோவின் ஏணியைப் பார்த்தாள். யாகோடா நின்றாள். மிலுன்கா துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்த கடைசிப் பட்டையை உருவி, மற்றவற்றின் மேல் போட்டாள். பிறகு திரும்பிக்கொண்டு மெத்தையை அடிக்க ஆரம்பித்தாள். முன்னைவிட வேகமாக அடித்தாள்.

மேலே போய் யாகோடா படுக்கையறைக்குப் போகிற குழாயைக் கீறித் திறந்தாள். பட்டைகளை ஒன்றொன்றாகச் சுருட்டித் திணித்தாள், முஷ்டியால் குத்தி இறுக்கினாள். அதே வெள்ளி ஒட்டுநாடா மச்சிலேயே உருளையாகக் கிடந்தது. அதையே சுற்றி ஒட்டினாள். என்னைப் பார்த்து, “ஓரம் நல்லா ஒட்டியிருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

மத்தியானம் வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. நெபோய்ஷா நான்கு கெளுத்தி மீனோடு வந்தான், பேசாமல் சாப்பிட்டான், படுக்க மாடிக்குப் போனான். நாங்கள் கேக் அறையில் அடுத்த கல்யாணத்துக்குப் பருப்புப் பொடித்துக்கொண்டிருந்தோம். மிலுன்கா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தட்டிக்கு எட்டாத மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சலித்துக் கொடுத்தாள். மேலே கட்டில் கிரீச்சிட்டது. ஜன்னல் திறக்கிற சத்தம். மூடுகிற சத்தம். பிறகு படியில் கால்கள்.

அவன் வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றான். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்த குளிர் அவன் மேல் போய் மோதுவது முகத்தில் தெரிந்தது. மடக்குக் கட்டிலைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், தட்டியில் படபடத்துக்கொண்டிருந்த நாடாவைப் பார்த்தான்.

“மேல அறையில காத்து வரல” என்றான்.

யாகோடா உலக்கையை நிறுத்தவில்லை. “வாயு கொறைஞ்சிருக்கும்” என்றாள்.

மிலுன்கா சல்லடையைத் தட்டினாள். அவன் இன்னும் நின்றான். ஒரு காலை உள்ளே வைத்தான், ஏதோ சொல்ல வந்தான். கூடத்து ஜன்னல் திறந்திருந்திருக்க வேண்டும். நாடா பக்கவாட்டில் சாய்ந்தது, மேஜை மேல் இருந்த காகிதங்கள் பறந்தன.

“கதவைச் சாத்திட்டுப் போ” என்றாள் யாகோடா. “குறுக்குக் காத்து அடிச்சா உனக்கு ஆகாது.”